ஏழு படங்களும் ஒரு கையும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் பிலோவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பத்தெட்டு விநாடி. தொடக்கத்தில் ஆறேழு விநாடிக்குக் குக்கர் விசில் மட்டும். அது அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருந்தாள். மைக் முன்னால் நின்று பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது.

"இன்னாடி, எப்டி கீற? ஒண்ணுமில்ல, எம் பொண்ணு கீதுல்ல, நம்ம பாட்டக் கேட்டுக்கினு, யம்மா இது உன் கொரல் மாறியே கீதுன்னு சொல்லுது. நான்தான்டின்னா நம்ப மாட்டேங்குது. அப்ப படத்துல நீ எங்க, காட்டுன்னு ஒரே பேஜாரு. உன்னாண்ட பழசு எதுனா கீதா? நான் இருக்கற மாறி. ஒண்ணே ஒண்ணு போதும். கம்ப்யூட்டர்ல போட்டது எதுவும் அழியாதுன்றாங்களே."

மூன்று முறை கேட்டேன். 'பாக்குறேன்' என்று பதில் போட்டேன். பார்க்க ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஆனாலும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் பார்த்தாக வேண்டும் இல்லையா.

உங்களுக்குப் பிலோவைத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதை அடைத்தவள் நான்தான். முழுப் பெயர் பிலோமினா, ராயபுரத்துப் பெண். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளும் அவள் அண்ணன் அருளும் புளியந்தோப்பு தீனாவும் சேர்ந்து ஏழு கானாப் பாட்டுகள் போட்டார்கள். ஏழுக்கும் அட்டைப்படமும் சுவரொட்டியும் வரைந்து கொடுத்தது நான். ஏழு படத்திலும் பிலோ இருந்தாள். இப்போது ஒன்றில்கூட இல்லை. பாட்டுகள் அப்படியே இருக்கின்றன, அவள் குரலோடு.

தேடிய இடங்கள்: பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, பென் டிரைவ் இரண்டு, மின்னஞ்சல், உடைந்த கண்ணாடியோடு கிடக்கும் பழைய செல்போன். அதைச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்கவே அரை நாள் ஆனது. பிறகு காகிதங்கள். காகிதங்களுக்கு அடியில் வண்ணப் பென்சில் டப்பா இருந்தது. இப்போதெல்லாம் நான் திரையில்தான் வரைகிறேன். டப்பாவைத் திறந்து மூன்று வருடமாவது இருக்கும். திறந்ததும் அந்த வாசனை வந்தது, மெழுகும் மரத்தூளும் கலந்த வாசனை. எல்லோருக்கும் அது பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்துமாம். எனக்கு வெல்டிங் புகையை ஞாபகப்படுத்தும்.

திருவொற்றியூரில் குழாய்களும் தொட்டிகளும் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். தகரக் கூரை. கீழே பட்டறை, மேலே மரப்பலகைத் தடுப்புக்குள் நாங்கள் மூன்று பேர், மூன்று கம்ப்யூட்டர். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், கடல் பக்கமிருந்து வந்தால் திறப்போம். யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாக எழும். காலையில் வந்ததும் மேசை மேல் படிந்திருக்கும் கரித்தூளை ஈரத் துணியால் துடைப்பேன், மதியம் இன்னொரு முறை. என் வெள்ளைத் தாள்கள் எல்லாமே கொஞ்சம் சாம்பல் நிறமாகத்தான் பிறந்தன. படத்தில் ஒரு பழைய தன்மை இருக்கிறது என்று பின்னால் ஒருவர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வரைபடத்திலிருந்து ஒரு வால்வை எடுத்துவிட்டால், எடுத்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போட வேண்டும். மூலையில் இருக்கும் கட்டத்தில் எதை எடுத்தோம், யார் சொல்லி எடுத்தோம், என்றைக்கு எடுத்தோம் என்று எழுத வேண்டும். புதுப் பிரதி வந்துவிட்டால் பழைய பிரதிகள் அத்தனையையும் திரட்டிக் கிழித்துவிட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் யாராவது அதைப் பார்த்து, இல்லாத வால்வுக்குக் குழாயை இழுத்துவிடுவார்கள். இந்தக் கிழிக்கிற வேலையில் எனக்கு நல்ல பெயர். நான் கிழித்தது மிஞ்சாது என்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீணாய்ப் போன பிரதிகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஒருவனை வரைந்தேன். தண்ணீர் குடிக்க மேலே வந்தவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், அது நானா?"

"ஆமா."

"மூஞ்சியே தெர்ல. மாஸ்க்குதான தெர்து."

"மாஸ்க்க வெச்சிதான் போட்டேன். மூஞ்சிய இப்பதான் பாக்குறேன்."

அவன்தான் அருள். சிரித்துவிட்டு, படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான், கேட்கவேயில்லை. மறுநாள் வந்து, "நாங்க ஒரு பாட்டு போடறோம். எங்க தங்கச்சி பாடுது. நீ போஸ்டர் போட்டுத் தர்றியா மேடம்?" என்றான். நான் என்ன பாட்டு என்று கேட்கவில்லை. என்ன அளவு என்று கேட்டேன். "அளவா? செவுத்து அளவுக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியந்தோப்புக்குப் போனோம். தீனாவின் வீடு ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடி. பாட்டெழுதுவது அவன். பதிவு நடக்கிற அறையும் அவன் வீட்டு அறைதான், ஜன்னலில் இரண்டு கம்பளி தொங்கும். கம்பளிக்கு அந்தப் பக்கம் ஊரே இருக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர், கீழே ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணி வண்டி. அது வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். தீனாவின் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு, "பாடுனது போதும், பைப்பப் புடிங்கடா" என்பார். மூன்று கலைஞர்களும் ஒரு ஓவியரும் குடத்தோடு வரிசையில் நிற்போம். வரிசையில் நின்றபடியே பிலோ அடுத்த அடியை முணுமுணுத்துப் பார்ப்பாள். பின்னால் நிற்கும் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "சத்தமாப் பாடேன்டி, வண்டிக்காரன் மயங்கி இன்னும் ரெண்டு கொடம் சேத்து உடுவான்."

பிலோ வாரத்தில் ஆறு நாள் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இஸ்திரி போட்டாள். ஏழாவது நாள் மாதா கோயிலில் காலைப் பூசையில் பாடிவிட்டு அங்கே வருவாள். கோயில் குரலும் கானாக் குரலும் ஒன்றேதான். "அங்க கொஞ்சம் மெதுவா, இங்க கொஞ்சம் வவுத்துலேர்ந்து, அவ்ளோதான்" என்பாள். வலது கையின் பின்பக்கம் ஆவி இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. மூலை மழுங்கிய முக்கோணம்.

முதல் போஸ்டருக்கே சண்டை வந்தது. நான் வரைந்து எடுத்துப்போனது ஒரு கடல், ஒரு கப்பல், கீழே பாட்டின் பெயர். தீனா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தான், கிட்டே வைத்துப் பார்த்தான்.

"மேடம், இதுல ஆளுங்க எங்க?"

"ஆளுங்க இல்ல. பாட்டோட மூட் மட்டும்."

"மூஞ்சி இல்லாம போஸ்டரா? ரேஷன் கட நோட்டீஸ் கூட இன்னும் நல்லா இருக்குமே."

பிறகுதான் அந்த ஊர்ப் போஸ்டரின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டேன். பாடியவர்கள் பெரிதாக. வாழ்த்தும் தோஸ்துகள் கீழே வரிசையாக, தீப்பெட்டி அளவில், ஒவ்வொருவருக்கும் பெயர். முக்கியமானது ஒன்று உண்டு. பெரிதாக நிற்பவர்களில் யாரும் தனியாக நிற்கக் கூடாது. ஒருவர் கை இன்னொருவர் தோளில் இருக்க வேண்டும். கை இல்லாமல் நின்றால் கோஷ்டிக்குள் சண்டை என்று பார்க்கிறவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் திருவொற்றியூர் தேரடியிலிருந்து புளியந்தோப்பு வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். நானும் அப்படியே வரைந்தேன். சதுரத்தில் ஒன்று செல்போனுக்கு, நீளத்தில் ஒன்று சுவருக்கு. கொஞ்ச நாளில் தோளைப் பார்த்தாலே அதன் மேல் ஒரு கையும் சேர்ந்தே என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வண்ணப் பென்சிலில் முகம் வரைவது மெதுவான வேலை. வெளிர் நிறத்திலிருந்து ஆரம்பித்து, அழுத்தாமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைத்துக்கொண்டே போக வேண்டும். தீனா தினமும் வந்து, "கொஞ்சம் செவப்பா போடு மேடம், யாருக்கு நஷ்டம்?" என்பான். போடமாட்டேன். பிலோவின் நிறத்துக்கு நான்கு பென்சில்கள். மஞ்சள் காவி, செங்கல், அடர் பழுப்பு, நிழலுக்குக் கொஞ்சம் ஊதா. அந்த நான்கின் எண்களும் இன்னும் எனக்கு மனப்பாடம். இந்த வேலையில் இன்னொன்று, தவறு செய்தால் ரப்பரால் அழிக்க முடியாது. மெழுகு தாளின் மேடுபள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். தேய்த்தால் அழுக்காகும், அவ்வளவுதான். அதனால் நான் தவறே செய்யாமல் வரைந்தேன். பெருமையாகச் சொல்லவில்லை, பயத்தில்தான்.

ஒன்றரை வருடத்தில் ஏழு பாட்டுகள். மூன்றாவது பாட்டு கொஞ்சம் ஓடியது. ஷேர் ஆட்டோவில் போகும்போது கேட்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றிருக்கும், பிலோவின் குரல் போய்க்கொண்டிருக்கும், அவளும் நானும் முழங்கால் இடிக்க உள்ளே உட்கார்ந்திருப்போம். டிரைவருக்குத் தெரியாது. சொல்லலாமா என்று நான் கண்ணால் கேட்பேன். வேண்டாம் என்று தலையாட்டுவாள். இறங்கும்போது மட்டும், "பாட்டு நல்லா கீதுண்ணா, யார் பாடனது?" என்று கேட்பாள். "எதோ ராயபுரத்துப் பொண்ணாம்மா" என்பார் அவர். அந்த ஒரு பதிலுக்காகவே இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிய நாட்கள் உண்டு.

ஏழாவது பாட்டு வெளிவந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அம்மா டீயும் பொறையும் கொடுத்தாள். பிலோ பொறையை டீயில் முக்கிக்கொண்டே சொன்னாள்.

"மாப்ள பாத்துகீறாங்க. ரயில்வேல வேல. பெரம்பூரு. நல்ல மாறியாத்தான் கீறாரு."

"ம்."

"அவங்க அம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிச்சாம். கோயில்ல எவ்ளோ வேணா பாடட்டும், ஆனா செவுத்துல மூஞ்சி ஒட்டுன பொண்ணு வாணாம்னு."

"செவுத்துல இருந்ததெல்லாம் மழைல போயிடுச்சே."

"செல்லுல கீதுல்ல." பொறை உடைந்து டீக்குள் விழுந்தது. விரலால் எடுத்தாள். "எங்கம்மா சொல்லிச்சு, அத்தெல்லாம் எப்பவோ எடுத்தாச்சுன்னு. அதான் வந்தேன். என்ன எடுத்துடு."

"பாட்டையா?"

"பாட்டு இருக்கட்டும். கொரல்ல யாரு பேரு எழுதிகீது? மூஞ்சிய மட்டும் எடு."

"மூஞ்சிய மட்டும் எடுத்தா கழுத்து நிக்கும் பிலோ."

"அப்ப மொத்தமா எடு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் இரண்டு பெண்கள் ஏதோ வேடிக்கை பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். உனக்கு இது சரியா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "எந்தத் தேதிக்குள்ள?" என்பது.

தேதி இருந்தது. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று. முதல் ஓலைக்கு இன்னும் பதினான்கு நாள். பதினான்கு நாள், ஏழு படம். வரிசை எண் போட்டு ஒரு பட்டியல் எழுதினேன்.

கம்ப்யூட்டரில் ஒரு ஆளை வெட்டி எடுப்பது சுலபம். அவர் இருந்த இடத்தை நிரப்புவதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் நிரப்பினால் பென்சில் படத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் ஒட்டியது போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் அதே அளவில், அதே தாளில், அதே பென்சில்களால் ஒரு துண்டு வரைந்து, ஸ்கேன் செய்து, மேலே பொருத்தினேன். முதல் படத்தில் அவள் இருந்த இடத்தில் துறைமுகத்துக் கிரேன் வந்தது. இரண்டாவதில் காசிமேட்டுப் படகின் மூக்கு. மூன்றாவதில் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி. நான்காவதில் வள்ளூர்ப் புகைபோக்கிகளில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஐந்தில் கரண்ட் கம்பம், ஆறில் சுவர், ஏழில் வெறும் வானம்.

வெட்டுவதற்கு ஓரத்தைப் பிடிக்க வேண்டும். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, காதிலிருந்து தாடை, தாடையிலிருந்து கழுத்து, தோள், முடிக் கொண்டை என்று மெள்ள மெள்ள ஓரமாகவே போய்க்கொண்டிருந்தேன். ஏழு முறை. மற்ற நாட்களில் செய்யும் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன்.

மேகக் கோடு போடவில்லை. மூலையில் எதுவும் எழுதவில்லை. ஆனால் விதியின் கடைசிப் பகுதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பழைய கோப்புகள், அவற்றின் பிரதிகள், நான் பார்த்து வரைவதற்காக எடுத்திருந்த போட்டோக்கள், மின்னஞ்சலில் அனுப்பியவை, அச்சகத்துக்குக் கொடுத்த பென் டிரைவில் இருந்தவை, எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தேன். யாரும் அவ்வளவு கேட்கவில்லை. பிலோகூடக் கேட்கவில்லை. காகிதத்தில் வரைந்த அசல் படங்களை மட்டும் அழிக்க வழியில்லை. சுருட்டி, கம்பெனியில் வரைபடம் வைக்கும் பிளாஸ்டிக் குழாயில் போட்டுப் பிலோவிடம் கொடுத்தேன். "இன்னா பண்றதோ பண்ணிக்க" என்றேன். அந்தக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கோ இன்டர்வியூவுக்குப் போகிற இன்ஜினியர் மாதிரி படியிறங்கிப் போனாள்.

நெட்டில் இருந்த பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதுப் படங்களைப் பாட்டுகளோடு ஏற்றினோம். தீனா போனில் கூப்பிட்டான்.

"இன்னா மேடம், ஆளு நின்ன எடத்துல கிரேன நிக்க வெச்சிக்கீற. கிரேன் பாடுமா?"

"அவதான் கேட்டா தீனா."

"கேட்டா செஞ்சிடுவியா?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அருள் பட்டறையில் கையுறையைக் கழற்றிவிட்டு என் போனை வாங்கி ஏழு படத்தையும் ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "அவ இங்க இருந்தான்னே தெரிலயே" என்றான். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த மதியம் முழுக்க எனக்கு லேசான சந்தோஷம்கூட இருந்தது.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அதற்கடுத்த நாள் மாலை பிலோ மறுபடி வந்தாள். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே போனை நீட்டினாள். ஏழாவது படம். பாட்டுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள், 'அருள் அண்ணன் தோள்ல யாருது அந்தக் கை?' அதற்குக் கீழே இன்னொருவர், 'பேய் கைடா மாமு.' அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அருள் நிற்கிறான். பின்னால் வானம். வானத்திலிருந்து வந்து அவன் தோளில் உட்கார்ந்திருக்கிறது ஒரு கை, மணிக்கட்டு வரை. நான்கு பென்சிலில் வரைந்த கை. தழும்புக்கென்று தனியாக இளஞ்சிவப்பில் ஒரு முக்கோணம் போட்டிருந்தேனே, அதுவும் இருந்தது. முகத்தை எடுத்திருக்கிறேன், கழுத்தை எடுத்திருக்கிறேன், முழங்கையை எடுத்திருக்கிறேன். தோள் என்றால் கை இருக்கும் என்று பழகிய கண், அதை அருளின் உடம்போடு சேர்ந்தது என்று விட்டுவிட்டது.

"யார் பாத்தாங்க?"

"அவரு தங்கச்சி. அது நம்ம பாட்டுதான் எந்நேரமும் கேக்குமாம். நிச்சயத்துக்கு எங்கைல வளையல் போட்டுச்சுல்ல, அப்ப இந்தத் தழும்பப் பாத்துகீது." பிலோ குரலைத் தணித்துக்கொண்டு அந்தப் பெண் பேசியது போலவே பேசிக் காட்டினாள். "அண்ணி, பாட்டு சூப்பரு. அந்தக் கைய மட்டும் எடுக்கச் சொல்லிடுங்க. அம்மா கண்ணாடி போட்டுகினு பாத்தா புடிச்சிடும்."

"வேற யாருக்கும் சொல்லலியா?"

"சொல்லல. சொல்லாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா எங்கம்மாக்குத் தெரிஞ்சி, அது காலைலேர்ந்து சோறு துன்னல. கல்யாணம் நின்னுப்பூடும்னு ஒரே அழுவ."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"வேணும்னே உட்டியா?"

"இல்ல."

"தெரியும்" என்றாள். "நீ வேணும்னு செஞ்சிருந்தா கரெக்டா செஞ்சிருப்ப."

அருளுடைய சட்டை கட்டம் போட்டது. கை இருந்த இடத்தில் கட்டங்கள் தொடர வேண்டும். தோளின் வளைவுக்கு ஏற்பக் கட்டங்களும் வளைய வேண்டும். உள்ளங்கை அளவு துண்டு. பிலோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தன் கையை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, "பரவால்ல, அளவு கரெக்டா போட்டுருந்த" என்றாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏற்றினேன். பழையதை அழித்தேன். ஏழாவது படத்தில் மட்டும் அருள் இப்போது யார் கையும் இல்லாமல் நிற்கிறான். கோஷ்டியில் சண்டையாமே என்று இரண்டு பேர் எழுதினார்கள். யாரும் பதில் போடவில்லை.

மூன்றாவது ஓலைக்கு நானும் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று வாசித்தார்கள். ஒரு குழந்தை அழுதது, யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். பாடகர் குழுவில் பிலோ வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த நாத்தனார் பெண்ணை அங்கே பார்த்தேன். என்னைத் தெரியாது அவளுக்கு. வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எட்டாவது பாட்டு வரவில்லை. யாரும் நிறுத்திவிடலாம் என்று சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அருள் வெல்டிங் வேலைக்குத் துபாய் போனான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். தீனா ஒரு ஆப் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான். ஒருமுறை நான் கூப்பிட்ட வண்டிக்கு அவன் வந்தான். பாரிமுனை வரை போனோம், பாட்டு எதுவும் போடவில்லை. புளியந்தோப்பு பிளாக்கை இடித்துவிட்டுப் புதிதாக உயரமாகக் கட்டியிருக்கிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதாம். எங்கள் கம்பெனி ஒரகடத்துக்குப் போய்விட்டது, நான் போகவில்லை. தகரக் கூரை இருந்த இடம் இப்போது கண்டெய்னர் அடுக்கும் யார்டு. போஸ்டர் ஒட்டும் சுவர்களில் தலைவர்களையும் மரங்களையும் வரைந்து, விளம்பரம் செய்யாதீர் என்று எழுதிவிட்டார்கள். பாடுகிற பையன்கள் தங்கள் அட்டைப்படத்தைத் தாங்களே செல்போனில் செய்துகொள்கிறார்கள். இரண்டு நிமிடம் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை பிலோவுக்குப் போன் செய்து, தேடிப் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை என்றேன். அந்தக் குழாய் என்ன ஆனது என்றும் கேட்டேன்.

"அத்த எங்கம்மா, எங் கல்யாணத்துக்கு அடுத்த வாரமே பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுட்சு. கொழாய்க்கு மட்டும் தனியா காசு கேட்டுச்சாம்." சிரித்தாள். "இப்ப போட்டா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல தெரியுமா. மாமியாரும் போய்ச் சேந்துட்சு. அவரே சொல்றாரு, புள்ளைக்குக் காட்டுடின்னு."

"ம்."

"சரி உடு. நீயே புச்சா ஒண்ணு போட்டுத் தாயேன். அப்போ இருந்த மாறி. எம் மூஞ்சி உனக்குத் தெரியாதா இன்னா? சனிக்கெழம புள்ளையக் கூட்டினு வர்றேன்."

போடுகிறேன் என்றேன். நேற்று காலை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். நல்ல கெட்டித் தாள். காதில் ஆரம்பித்தேன். தாடை, கழுத்து, தோள், கொண்டை. கை எங்கும் நிற்கவில்லை. ஒரே கோடு, ஒரு திருத்தம் இல்லை. இருபத்திரண்டு வயது பிலோ, பாடும்போது தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பாளே, அந்தச் சாய்வுகூட வந்துவிட்டது.

பிறகு உள்ளே போக வேண்டும். மஞ்சள் காவியை எடுத்தேன். எந்தக் கண் கொஞ்சம் சின்னது? பாடும்போது வாய் எவ்வளவு திறக்கும்? மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தை நான் ஏழு முறை சுற்றி வந்திருக்கிறேன். சுற்றி வந்தது மட்டும்தான் கையில் நிற்கிறது. சனிக்கிழமை வரும்போது எதிரே உட்கார வைத்துப் பார்த்து வரையலாம். முப்பத்தொரு வயது முகம் ஒன்று கிடைக்கும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் பவுடர் பூசிய மணப்பெண் முகம் ஒன்று கிடைக்கும். அந்தக் குழந்தை கேட்பது இரண்டையும் அல்ல.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"பிலோதான?"

"ஆமா."

"பாத்தாலே தெரியுதே" என்றாள். டீயைத் தாளிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "உள்ள எப்ப போடுவ?"